சுவருக்கு அந்தப் பக்கம் இழுத்த கை

இது கட்டுக்கதை இல்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று பழமொழியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இது ராத்திரியில் நடக்கவில்லை. சுடுகாட்டிலோ புளியமரத்தடியிலோ நடக்கவில்லை. விருத்தாசலத்தில், பீங்கான் எஸ்டேட்டுக்குப் பின்னால் இருக்கிற ஒரு தெருவில், பட்டப்பகலில், ஆட்கள் நடமாடிக்கொண்டிருந்த வீட்டில் நடந்தது. எலக்ட்ரீஷியன் ஞானதாஸுக்கு நடந்தது. வாயைத் திறந்தால் கிண்டல் பேசுகிற ஆள் அவன். எதற்கெடுத்தாலும் சத்தியம் பண்ணக் கூடாது, பாவம் என்று பிறருக்குச் சொல்கிற கிறிஸ்தவன். அவனே கோணாங்குப்பம் மாதா மேல் ஆணையாக என்று சொன்னான். அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

போன கார்த்திகை. அடைமழை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. மதியம் ஞானதாஸ் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. செல்வநாயகி அம்மாள். இதற்கு முன்னால் ஒரு தடவை மோட்டார் பார்த்துக் கொடுத்த வீடு.

“தம்பி, உள்ரூம்பு சுவத்துல கை வெச்சா ஷாக் அடிக்குது. பீஸ போட்டா உடனே போயிடுது. வூடு முழுக்க கரண்டு இல்ல. அவருக்கு மிஷின் ஓடணும் தம்பி…”

அவர் என்றால் வீட்டுக்காரர் குருமூர்த்தி. ஒரு காலத்தில் சின்னதாக பீங்கான் கம்பெனி வைத்திருந்தவர். மெயின் பெட்டியில் மாட்டுகிறோமே, வெள்ளையாக, பீஸ் கட்டை, அதைச் சுட்டு ஊர் ஊராக அனுப்பிக்கொண்டிருந்தார். அந்த மண் தூசியே அவருடைய நுரையீரலை அரித்துவிட்டது என்று டாக்டர்கள் சொன்னார்களாம். இப்போது மூக்கில் குழாய். பக்கத்தில் ஆக்ஸிஜன் மிஷின். மிஷின் நின்றால் மூச்சும் நின்றுவிடும்.

“இப்ப எதுல ஓடுதும்மா?”

“இன்வெர்ட்டர்ல. சாயங்காலம் வரைக்கும் தாங்காது. சிலிண்டர் கொண்டு வர்றவரு ஆத்துல தண்ணி போவுது, நாளைக்குத்தான் வர முடியும்னுட்டாரு. மகனும் சென்னையில கெடக்கிறான். நீங்கதான் வரணும்.”

இதற்குப் பிறகு யோசிக்க என்ன இருக்கிறது? ஞானதாஸ் பச்சமுத்துவைக் கூப்பிட்டுக்கொண்டான். இரண்டு பேரும் பல வருஷமாக ஜோடியாக வேலை பார்ப்பவர்கள். பச்சமுத்து ஆள் தடி, கையும் தடி. வயரை இழுக்கச் சொன்னால் கிணற்றிலிருந்து மாட்டைத் தூக்குகிற மாதிரி இழுப்பான். ஆனால் நம்பி ஏணியைப் பிடிக்கச் சொல்லலாம். தெருவில் உடைந்த பீங்கானைக் கொட்டித்தான் மேடு பண்ணியிருந்தார்கள். அதன்மேல் பைக் சலசலவென்று போய் நின்றது.

வீட்டுக்குள் போனதும் ஞானதாஸ் முதலில் செய்கிற வேலை ஒன்று உண்டு. மெயின் பெட்டியில் இருக்கிற பீஸ் கட்டைகளைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வான். சுவருக்குள் நாம் கை வைத்திருக்கும்போது யாரோ ஒரு புண்ணியவான் கரண்டைப் போட்டுவிடக் கூடாது அல்லவா? எல்லா ஊரிலும் எலக்ட்ரீஷியன் செய்வதுதான். ஆனால் விருத்தாசலத்தில் அது மட்டும் போதாது. இங்கே முக்கால்வாசி வீட்டில் பரண்மேல் ஒரு கூடை பீஸ் கட்டை கிடக்கும். கம்பெனியில் கழித்துப்போட்டது, ஓரம் சொட்டையானது, எல்லாம் வீட்டுக்கு வந்துவிடும். அவன் பையில் ஒன்று இருந்தால் என்ன, வீட்டுக்காரர் பரணிலிருந்து இன்னொன்றை எடுத்து மாட்டிவிடுவார். அதனால் ஞானதாஸ் அதையும் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டுதான் சுவரைத் தொடுவான்.

“அம்மா, வேற பீஸ் கட்டை எங்க வெச்சிருக்கீங்க?”

செல்வநாயகி அம்மாள் திரும்பிப் பார்த்தார். “ஒண்ணும் இல்ல.”

“ஐயா கம்பெனியே வெச்சிருந்தாரு. ஒண்ணுகூடவா இல்ல?”

“இல்லன்னா இல்ல தம்பி. இந்த வூட்டுல அது வெச்சிக்கிறது இல்ல.”

குரல் கொஞ்சம் கெட்டியாக இருந்தது. பச்சமுத்து பரணில் எட்டிப் பார்த்தான். பொம்மை இருந்தது. ஊறுகாய் ஜாடி இருந்தது. உடைந்த கோப்பை இருந்தது. பீஸ் கட்டை ஒன்றுகூட இல்லை. மிட்டாய்க் கடைக்காரன் வீட்டில் சர்க்கரை இல்லை என்பது மாதிரிதான். சரி, நமக்கென்ன என்று ஞானதாஸ் உள்ளே போனான்.

உள்ளறையில் சுவரை ஒட்டி ஓர் இரும்புக் கட்டில். அதில் குருமூர்த்தி படுத்திருந்தார். இன்வெர்ட்டரிலிருந்து ஒரு நீள வயர் ஹால் வழியாக வந்து மிஷினுக்குப் போயிருந்தது. மிஷின் புஸ்… புஸ்… என்று ஓடிக்கொண்டிருந்தது. அவர் ஞானதாஸைப் பார்த்ததும் கையை ஆட்டிக் கூப்பிட்டார்.

“சுவத்த… தொறக்காதீங்க. மேலால… வயர இழுத்துடுங்க.”

“மேலால இழுத்தா வூடு முழுக்க ஒழுவுதுங்கய்யா. இன்னும் ஆபத்து. உள்ள இருக்கிற பழச உருவிட்டு புதுசு வுட்டுடறோம். அர மணி வேல.”

“வேணாம்ப்பா…”

அவருக்கு இருமல் வந்துவிட்டது. மேலே பேச முடியவில்லை. தூசி வரும் என்று பயப்படுகிறார் என்றுதான் ஞானதாஸ் நினைத்தான். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொள்ளப் போகிறோம் என்று அவனுக்கு அப்போது தெரியாது.

சுவிட்சு பெட்டிக்கு மேலே சுவர் ஊறிக் கறுத்திருந்தது. உளி வைத்துத் தட்டினான். காரை உதிர்ந்தது. செங்கல்லோடு பீங்கான் துண்டுகளும் வந்தன. வீடு கட்டும்போது அதையும் போட்டு அடைத்திருந்தார்கள். உள்ளே பைப் உருகி ஓட்டையாகியிருந்தது. வயர்கள் கருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. இரண்டு வயரைச் சேர்த்து முறுக்கியிருந்தார்கள், ஆனால் மேலே டேப் பாதிதான் சுற்றியிருந்தது. மீதி டேப் சுருளோடு அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது. டேப்பைச் சுற்றிக்கொண்டே இருந்தவர் அப்படியே விட்டுவிட்டுப் போன மாதிரி.

“எவன்டா இவன்? டேப்ப சுத்தக்கூட நேரமில்லாம பாதியில வுட்டுட்டு ஓடிட்டான்!” என்று பச்சமுத்து சிரித்தான்.

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. கட்டிலில் குருமூர்த்தி கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வந்ததை ஞானதாஸ் பார்த்தான். இருமியதால் வந்தது என்று நினைத்துக்கொண்டான்.

கருகிய இடத்தை வெட்டி எறிந்து பைப்பை ஒட்டியாயிற்று. இனி புது வயரை விட வேண்டும். இது இரண்டு பேர் வேலை. பழைய வயரின் நுனியில் புது வயரைக் கட்டி, ஹாலில் மெயின் பெட்டி பக்கம் ஒருவன் நின்று உள்ளே தள்ள வேண்டும். உள்ளறையில் சுவிட்சு பெட்டி பக்கம் இன்னொருவன் நின்று இழுக்க வேண்டும். நடுவில் சுவர். ஒருவன் முகம் ஒருவனுக்குத் தெரியாது. ஞானதாஸும் பச்சமுத்துவும் கத்திக்கொண்டிருக்க மாட்டார்கள். வயரைத்தான் சுண்டுவார்கள். ஒரு சுண்டு சுண்டினால் பொறு என்று அர்த்தம். இரண்டு சுண்டு என்றால் என் பக்கம் எல்லாம் முடிந்தது, பீஸைப் போடு என்று அர்த்தம். பாதி ஊருக்கு இப்படித்தான் வயர் இழுத்திருக்கிறார்கள். ஒரு நாளும் தப்பு வந்ததில்லை.

அன்றைக்குக் கத்தினாலும் கேட்டிருக்காது. பின்கட்டில் தகரக் கூரை. அதில் மழை தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. மணி மூன்றுதான். ஆனால் ஹாலில் விளக்கு வைக்கிற நேரத்து இருட்டு.

ஞானதாஸ் ஸ்டூலில் ஏறி நின்று வயரைத் தள்ளினான். அந்தப் பக்கம் பச்சமுத்து இழுத்தான். வழக்கம்போல முரட்டு இழுப்பு. கொஞ்சம் போனதும் வளைவில் சிக்கியது. ஒரு சுண்டு வந்தது. பொறு.

பொறுத்தான்.

நேரம் போனது. கீழே இன்வெர்ட்டர் ஒரு தடவை பீப் என்றது. பேட்டரி இறங்க ஆரம்பித்துவிட்டது. ஞானதாஸுக்கு வேர்த்தது.

“பச்ச! என்னடா ஆச்சி?”

பதில் இல்லை. மழைதான்.

அப்புறம் வயர் நகர்ந்தது.

இந்த இழுப்பு வேறு மாதிரி இருந்தது. மெதுவாக. பதமாக. வளைவு வந்ததும் தானே கொஞ்சம் தளர்த்தி, திருப்பி, மறுபடி இழுத்தது. தொழில் நன்றாகத் தெரிந்த கை. பரவாயில்லையே, இவனுக்கு இன்றைக்காவது புத்தி வந்ததே என்று ஞானதாஸ் மனசுக்குள் சிரித்துக்கொண்டான்.

வயர் போய்க்கொண்டே இருந்தது.

ஹாலிலிருந்து உள்ளறைக்கு எவ்வளவு தூரம்? இந்தச் சுவருக்கு மேலே ஏறி அந்தப் பக்கம் இறங்க வேண்டும், அவ்வளவுதான். அந்த அளவு எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் காலடியில் இருந்த சுருள் இன்னும் சுற்றிச் சுற்றி அவிழ்ந்துகொண்டிருந்தது… சர்… சர்… என்று.

ஞானதாஸ் ஒரு சுண்டு சுண்டினான். பொறு.

இழுப்பு நின்றது.

பெட்டி ஓட்டையில் வாயை வைத்து, “டேய், எவ்ளோடா இழுக்கிற? அங்க என்ன கொடியா கட்டப் போற?” என்றான்.

பைப்புக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது.

“ம்…”

அதோடு ஒரு காற்றும் வந்தது. முகத்தில் பட்டது. தலைமுடி கருகுகிற நாற்றம்.

உள்ளே இன்னும் எங்கோ வயர் கருகிக்கிடக்கிறது என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். அப்போது இன்வெர்ட்டர் விடாமல் கத்த ஆரம்பித்தது. பீப்… பீப்… பீப்…

“தம்பி! மிஷின் நின்னுடப் போவுது! சீக்கிரம்!” அடுப்படியிலிருந்து செல்வநாயகி அம்மாள் அலறினார்.

கையில் இருந்த வயர் ஆடியது.

ஒரு சுண்டு. கொஞ்சம் இடைவெளி. இன்னொரு சுண்டு.

முடிந்தது. பீஸைப் போடு.

ஞானதாஸ் தன் பக்கத்து முனைகளைப் பரபரவென்று மெயின் பெட்டியில் முடுக்கினான். திருகாணி கையிலிருந்து நழுவியது. பிடித்துப் போட்டான். சட்டைப் பையிலிருந்து பீஸ் கட்டையை எடுத்தான். கையைத் தூக்கினான். பெட்டி வாயில் வைத்து அழுத்த வேண்டியதுதான் பாக்கி…

வாசல் கதவு படாரென்று திறந்தது.

பச்சமுத்து நின்றுகொண்டிருந்தான். தலை முதல் கால் வரை நனைந்திருந்தான். கையில் புது டேப் சுருள்.

ஞானதாஸ் கை அப்படியே நின்றது.

“நீ எங்கருந்துடா வர்ற?”

“கடையிலருந்து. டேப்பு தீந்துபோச்சி.”

“எப்ப போன?”

“வயரு சிக்கிச்சில்ல, அப்பவே. பொறுன்னு சுண்டிட்டு, கொல்லப் பக்கமா போயிட்டேன். சொல்லிட்டுத்தான போனேன்?”

“என்கிட்ட சொல்லலியே.”

“டேப்பு வாங்கியாரேன்னு அந்த ஓட்டையில கத்தினேன். நீதான் ‘ம்’னு சொன்ன.”

ஞானதாஸ் சொல்லவில்லை.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இன்வெர்ட்டர் கத்திக்கொண்டே இருந்தது. பீஸ் கட்டையைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஞானதாஸ் ஸ்டூலிலிருந்து குதித்தான். உள்ளறைக்கு ஓடினார்கள்.

அறையில் குருமூர்த்தியைத் தவிர யாரும் இல்லை.

சுவிட்சு பெட்டியிலிருந்து புது வயர் வெளியே வந்திருந்தது. தரையில் நீளமாக ஓடியது. ஞானதாஸ் கண்ணாலேயே அதன் பின்னால் போனான்.

அது இரும்புக் கட்டிலுக்குப் போனது.

கட்டில் காலில் சுற்றியிருந்தது. செம்புக் கம்பி தெரியத் தெரிய உரித்து, இழை இழையாகப் பிரித்து, சடை பின்னுவது போலப் பின்னி, இரும்போடு இறுக்கிக் கட்டியிருந்தது. நல்ல கட்டு. அவசரமே இல்லாத கட்டு.

பச்சமுத்துவின் கட்டர் அவன் இடுப்பில்தான் இருந்தது. அறையில் வேறு கத்தி கிடையாது.

ஞானதாஸ் குனிந்து பார்த்தான். உரித்த இடத்தில் பல் பதிந்திருந்தது. மேலே நாலு. கீழே நாலு.

எச்சில் ஈரம் இன்னும் காயவில்லை…

“ஐயா…” ஞானதாஸ் நிமிர்ந்தான். “ஐயா, யாரு வந்தது?”

குருமூர்த்தி விழித்துக்கொண்டுதான் இருந்தார். பயந்த மாதிரியே தெரியவில்லை. கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்திருந்தார்.

“போட்டுடுப்பா.”

“எதய்யா?”

“பீஸ. அவந்தான்… சொல்லிட்டான்ல. போட்டுடு.”

“ஐயா, கட்டில்ல கம்பி…”

“தெரியும். அவ வர்றதுக்குள்ள… போட்டுடு. கும்பிடறேன்.”

நிஜமாகவே கை கூப்பினார். மூச்சுக்கு அல்லாடுகிற மனுஷன். ஞானதாஸுக்குப் பயமும் அழுகையும் ஒன்றாக வந்தது.

பச்சமுத்துவின் இடுப்பிலிருந்து கட்டரைப் பிடுங்கி, கட்டிலை ஒட்டி வயரை வெட்டினான். கட்டில் காலில் பின்னியிருந்த துண்டு கையோடு வந்துவிட்டது.

மீதி வயர் தரையில் கிடந்தது.

நகர்ந்தது.

மெதுவாக. சுவரைப் பார்த்து. பிறகு வேகமாக… சரசரவென்று சுவிட்சு பெட்டிக்குள் போனது. யாரோ ஹாலிலிருந்து உருவுகிற மாதிரி. ஹாலில் யார் இருக்கிறார்கள்?

ஹாலில் ஸ்டூல் விழுந்தது.

“மாதாவே…” என்றான் ஞானதாஸ்.

திரும்பினால் வாசற்படியில் செல்வநாயகி அம்மாள். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. கட்டில் காலைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. யார் செய்தது என்றும் கேட்கவில்லை. படியைத் தாண்டி உள்ளே ஒரு காலும் வைக்கவில்லை. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அப்படியே அடுப்படிக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு சுவரை யார் தொடுவார்கள்? ஹாலுக்கு வந்து பார்த்தால், மெயினில் முடுக்கியிருந்த முனைகள் பிடுங்கப்பட்டிருந்தன. வயர் முழுவதும் உள்ளே போயிருந்தது. இரண்டு பக்கமும் வெளியே தெரியவில்லை. சுவருக்குப் போகிற பழைய இணைப்பையெல்லாம் அறுத்துவிட்டு, குருமூர்த்தி முதலில் சொன்ன மாதிரியே மேலால், ஜன்னல் வழியாக, ஒழுகாத பக்கமாகப் பார்த்து ஒரு வயரை இழுத்தார்கள். சுண்டல் கிண்டல் எல்லாம் இல்லை. ஒருவன் முகத்தை ஒருவன் பார்த்துக்கொண்டேதான் வேலை செய்தார்கள். பீஸைப் போட்டபோது இன்வெர்ட்டர் சத்தம் ஓய்ந்தது. மிஷின் பழையபடி புஸ்… புஸ்… என்று ஓடியது.

குருமூர்த்தி ஞானதாஸைப் பார்த்து, “கெடுத்துட்டியேப்பா,” என்றார். உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தவனைப் பார்த்துச் சொல்கிற பேச்சா அது? கரண்டு வந்த சந்தோஷம்கூட இல்லாமல் வீட்டுக்கு வந்தான்.

பச்சமுத்து காய்ச்சலில் படுத்துவிட்டான். ஞானதாஸுக்குத் தூக்கம் போய்விட்டது. வெட்டிய கம்பித் துண்டு சட்டைப் பையிலேயே வந்திருந்தது. மனைவி ஜோஸ்பின் துணி துவைக்கும்போது எடுத்துக் கொடுத்து, “இது என்னங்க, சட மாதிரி பின்னி வெச்சிருக்கீங்க?” என்று கேட்டபோது அவன் சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான். அதைக் கொண்டுபோய் ஜங்ஷன் ரோட்டில், காலங்காலமாக எலக்ட்ரிக் சாமான் விற்கிறவரிடம் காட்டினான். அவர் கண்ணாடியைப் போட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இந்தக் கட்டு கட்டற ஆளு ஒருத்தந்தான் தாஸு. கருவேப்பிலங்குறிச்சி ராஜ்மோகன். கட்டரு கையில இருந்தாலும் பல்லாலதான் வயரு உரிப்பான். ஏன், அவன் வேல செஞ்ச வூட்டுலருந்து எடுத்தியா?”

“ஆமா.”

“ஆனா இது புது வயரா இருக்குதே?” என்றார் கடைக்காரர். “அவன் செத்து இருவது வருஷம் இருக்குமே.”

கருவேப்பிலங்குறிச்சியில் ராஜ்மோகனின் அக்கா ராஜாம்பாள் இருந்தார். போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் ஞானதாஸால் இருக்க முடியவில்லை. காய்ச்சல் தேறிய பச்சமுத்துவையும் கூட்டிக்கொண்டு போனான். அந்த அம்மாள் மல்லாட்டை, வேர்க்கடலைதான், உரித்துக்கொண்டே பேசினார். அழவில்லை. அழுது முடித்து ரொம்ப நாளாகியிருக்க வேண்டும்.

“கம்பெனிக்காரரு வூடுதான். சுவத்துக்குள்ள கைய வுட்டு டேப்பு சுத்திக்கினு இருந்திருக்கான். பீஸு அவன் ஜோப்புல இருந்திச்சி. பொணத்துலருந்து நாங்கதான் எடுத்தோம். அவங்க வூட்டுலதான் கூட கூடயா கெடக்குதே. வேற ஒண்ண எடுத்து மாட்டிட்டாங்க. மிக்ஸி போடணுமாம்.”

“குருமூர்த்தி ஐயாவா மாட்டினாரு?”

“அப்படித்தான் சொன்னாரு. நான்தான் மாட்டினேன், தெரியாம பண்ணிட்டேன்னு எங்க அம்மா கால்ல வுழுந்தாரு. கேசும் அப்படியே முடிஞ்சிது.” மல்லாட்டைத் தோலை ஊதித் தள்ளினார். “ஆனா அன்னிக்கு அவரு ஊர்லயே இல்ல தம்பி. எங்க வூட்டுக்காரரு சேத்தியாத்தோப்பு பஸ் ஸ்டாண்டுல அவர்கூட நின்னு பேசிக்கினு இருந்திருக்காரு. சாவு சேதி அங்கதான் ரெண்டு பேருக்கும் வந்திச்சி.”

பச்சமுத்து ஞானதாஸின் கையைப் பிடித்தான்.

“அப்ப ஏம்மா நான்தான்னு ஒத்துக்கிட்டாரு?” என்று ஞானதாஸ் கேட்டான்.

“அத அவர்கிட்டதான் கேக்கணும். நாங்க கேக்கல. போனவன் போயிட்டான். கொளஞ்சியப்பர் கோயில்ல ஒரு பிராது மட்டும் கட்டினேன். பேரு போடல. பீஸ மாட்டின கைய நீயே பாத்துக்க சாமின்னு எழுதி வேலுல கட்டிட்டு வந்துட்டேன்.”

“அந்தப் பிராது…?”

“காரியம் நடந்தா போயி திருப்பி வாங்கிக்கணும். நான் இன்னும் வாங்கல.”

திரும்பி வரும்போது, மிக்ஸி போட வேண்டும் என்று ஓர் ஆண்பிள்ளை பீஸ் கட்டையைத் தேடி எடுத்து மாட்டுவானா என்று பச்சமுத்து ஒரே ஒரு தடவை கேட்டான். ஞானதாஸ் ரோட்டைப் பார்த்து பைக்கை ஓட்டினான்.

மாசி மாதம் குருமூர்த்தி இறந்துபோனார். ராத்திரி தூங்கினவர் காலையில் எழுந்திருக்கவில்லை. மிஷின் ஓடிக்கொண்டுதான் இருந்ததாம். துக்கம் கேட்க ஞானதாஸ் போனான். அவர் படுத்திருந்த கட்டில், மெத்தை எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிவிட வாசலில் எடுத்துப் போட்டிருந்தார்கள். அது ஒரு பழைய தேக்குக் கட்டில்.

ஞானதாஸுக்குப் புரியவில்லை. “அம்மா, ஐயா இரும்புக் கட்டில்லதான படுத்திருந்தாரு?”

“இல்ல தம்பி. இதுதான் அவரு கட்டிலு. கல்யாணத்துக்கு எங்க அப்பா வாங்கிக் குடுத்தது. அந்த இரும்புக் கட்டிலு என்னுது,” என்றார் செல்வநாயகி அம்மாள். “நீங்க வேலைக்கு வந்தீங்களே, அன்னிக்கு ஒரு நாள்தான் அவரு அதுல படுத்தாரு. சுவத்த தொறக்கப் போறாங்கன்னு நான் சொன்னதும் அப்படி ஒரு அடம். நாலு அடி நடந்தா மூச்சு வாங்கற மனுஷன், மிஷினோட தானே எழுந்து வந்து என் கட்டில்ல படுத்துக்கிட்டாரு. வேல முடியற வரைக்கும் நீ இந்த ரூம்புக்குள்ள கால வெக்காதன்னுட்டாரு.”

வலது கையை இடது கையால் மூடி மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

“ஏன்னு உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?”

ஞானதாஸ் அந்தக் கையையே பார்த்தான்.

“ஒண்ணும் சொல்லலம்மா.”

எழுந்து செருப்பை மாட்டினான். மனசு கேட்கவில்லை. திரும்பி வந்தான்.

“அம்மா, அந்த இரும்புக் கட்டிலயும் இந்த வண்டியிலயே ஏத்தி அனுப்பிடுங்களேன்.”

“அதையும் அனுப்பிட்டு நான் எங்க தம்பி படுக்கறது?” என்றார்.

வண்டி தேக்குக் கட்டிலை மட்டும் ஏற்றிக்கொண்டு போனது. செல்வநாயகி அம்மாள் இன்றைக்கும் உள்ளறையில், சுவரை ஒட்டிப் போட்ட அந்த இரும்புக் கட்டிலில்தான் தனியாகப் படுத்துக்கொள்கிறார்.